கொடியின் உள்ளுறை



கொடி என்ற தமிழ்ச் சொல் படர்கின்ற தாவரத்தையும் குறிக்கும். காற்றிலே அசைகின்ற துகிலையும் குறிக்கும். இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது இரண்டாவது கொடி. அதிலும் அரசின் கொடி. இலக்கிய உரைக்கு இது பொருளாகுமா என்று சிலர் கேட்கலாம். ஆகும் என்றே நான் கருதுகிறேன். ஒன்றைக் கூறி, அதன் உள்ளே வேறொன்றை உணரவைப்பதை நம் இலக்கண நூலார் உள்ளுறை என்றனர். கொடியும் அவ்வாறே, ஒரு சொல்லும் இல்லாமல், உருவத்தாலும் நிறத்தாலும் பொருள் உணர்த்துகிறது.

பழந்தமிழர் கொடியை நன்கு வாசிக்கத் தெரிந்தவர்கள். வில் என்றால் சேரன், புலி என்றால் சோழன், கயல் என்றால் பாண்டியன். பனைக்கொடியோன் என்றால் பலராமன். பாம்புக் கொடியோன் என்றால் துரியோதனன். பட்டினப்பாலை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், காவிரிப்பூம்பட்டினத்துக் கொடிகளை வகைப்படுத்திக் காட்டுகிறார். தெய்வம் உறையும் வாயிலிலே ஒரு கொடி, வாதுக்கு அழைக்கும் கல்விமான்கள் நாட்டிய கொடி, துறையில் நிற்கும் நாவாயின் மேல் ஒரு கொடி, கள் விற்குமிடத்தில் ஒரு கொடி. இங்கே வரலாம் என்று அழைப்பதும் கொடியின் தொழில்களுள் ஒன்றாக இருந்திருக்கிறது.

இந்தக் கண்ணோடு நமது நாட்டின் தேசியக் கொடியைப் பார்ப்போம். 1948 ஜனவரியில், கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் சிங்கக் கொடியே சுதந்திர இலங்கையின் கொடியாக வேண்டும் என்று பாராளுமன்றத்தில் பிரேரித்தவர் மட்டக்களப்பு உறுப்பினர் ஏ. சின்னலெப்பை. அவர் ஒரு முஸ்லிம். கொடிக்கு உரிய மன்னனோ தென்னிந்திய நாயக்க வழியில் வந்தவன். ஆங்கிலேயரால் நாடு கடத்தப்பட்டு, 1832 இல் வேலூரிலே இறந்தவன். ஒரே இனத்தின் சொத்து என்று எளிதாகச் சொல்லிவிட முடியாத வரலாறு அந்தச் சிங்கத்துக்கு உண்டு.

ஆயினும் அந்தக் கொடியில் எல்லோரும் தம்மைக் காணவில்லை. எனவே பிரதமர் டி. எஸ். சேனநாயக்க ஒரு குழுவை அமைத்தார். எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க தலைமை வகித்த அக்குழுவில் ஜி. ஜி. பொன்னம்பலம், டி. பி. ஜாயா, செனட்டர் எஸ். நடேசன் ஆகியோரும் இருந்தனர். குழுவின் முடிவின்படி சிங்கக் கொடியோடு இரண்டு நிலைக்குத்துப் பட்டிகள் சேர்க்கப்பட்டன. பச்சை முஸ்லிம்களுக்கு, செம்மஞ்சள் தமிழருக்கு. 1951 இல் இக்கொடி ஏற்கப்பட்டது. செனட்டர் நடேசன் இதற்கு உடன்படவில்லை. 1972 இல் சிங்கத்தைச் சூழ்ந்த நான்கு மூலைகளிலும் அரசிலைகள் இடம்பெற்றன. மேத்தா, கருணா, முதிதா, உபேக்கா என்னும் நான்கு பௌத்தப் பண்புகளை அவை குறிப்பதாகச் சொல்வர்.

இங்கேதான் வாசிப்பு என்ற பிரச்சினை எழுகிறது. பட்டிகளைச் சேர்த்தவர்கள், சிறுபான்மையினருக்கும் இடம் கொடுத்தோம் என்றார்கள். கொடியை அண்ணாந்து பார்த்த பலரோ, அந்த இடம் மஞ்சள் கரைக்கு அப்பால் இருக்கிறதே என்றார்கள். இருவரும் பார்த்தது ஒரே துணியைத்தான். கவிதையில் ஒரு சொல் எந்த அடியில், எந்தச் சொல்லின் பக்கத்தில் நிற்கிறது என்பதும் அதன் பொருளைத் தீர்மானிக்கிறது. கொடியிலும் அப்படியே. நிறம் தரப்பட்டது, ஆனால் நிறம் நிற்கும் இடமும் பேசுகிறது. வரைந்தவர் எழுதிய உரை அந்தப் பேச்சை அடக்கிவிட முடியாது.

தென்னாபிரிக்கா வேறொரு வழியைப் பின்பற்றியது. நிறவெறி ஆட்சி முடிவுற்று, 1994 ஏப்ரல் 27 இல் அங்கு புதிய கொடி ஏறியது. அதை வரைந்தவர் பிரெடெரிக் பிரவுணெல். ஆறு நிறங்கள். இரு கிளைகளாகப் புறப்பட்டு ஒன்றாகிச் செல்லும் ஒரு பச்சைப் பாதை. இன்ன நிறம் இன்ன இனத்துக்கு என்று அந்த அரசு பங்கு பிரிக்கவில்லை. நிறங்களுக்கு அதிகாரபூர்வமான பொருள் எதையும் விதிக்கவும் இல்லை. வாசிப்பை மக்களிடமே விட்டது. இடைக்காலக் கொடியாக வந்தது, பின்னர் நிலையான கொடியாகவே ஏற்கப்பட்டது.

நம்மவர்க்கு இன்னும் நெருக்கமான ஓர் உதாரணம் கந்தபுராணத்தில் இருக்கிறது. வேலால் பிளவுண்ட சூரபத்மனின் ஒரு கூறு மயிலாகிறது; மறு கூறு சேவலாகிறது. முருகன் அந்தச் சேவலைத் தன் கொடியிலே ஏற்றுக்கொள்கிறான். வென்றவனின் கொடியில் வென்றவனின் பெருமை மாத்திரமே இருக்கவேண்டும் என்று நம் மரபு கருதவில்லை. எதிர்த்து நின்றவனுக்கும் அங்கே இடம் உண்டு. அந்த இடம் ஓரத்தில் இல்லை. கொடியின் நடுவிலே இருக்கிறது.

1996 மார்ச்சில் லாகூரில் உலகக் கிண்ணத்தை நமது அணி வென்றபோது, முத்தையா முரளிதரனும் ஆடிய அந்த அணிக்காக இக்கொடியை உயர்த்திய கைகளிலே தமிழ்க் கைகளும் இருந்தன. அதே ஆண்டுகளில், சோதனைச் சாவடியின் மேலே இதே கொடியைக் கண்டு, அடையாள அட்டையைத் தேடி நடுங்கிய கைகளும் இருந்தன. போர் 2009 இல் முடிந்தது. ஆனால் கொடியைக் காணும்போது மனத்தில் எழும் பொருள் ஒரு நாளில் மாறிவிடுவதில்லை.

1951 இல் கொடிக்கு உருவம் கொடுத்தார்கள். உரை இன்னும் எழுதப்பட்டுக்கொண்டே இருக்கிறது. கச்சேரியில் தன் மொழியில் பதில் கிடைக்காத ஒருவர் அதில் ஒரு வரி எழுதுகிறார். கிடைத்த இன்னொருவர் வேறொரு வரி எழுதுகிறார். அரசு தன் கொடியைக் குடிமக்கள் அன்போடு வாசிக்க வேண்டும் என்று விரும்பினால், அதற்குத் துணிக்கடையில் செய்யக்கூடியது மிகக் குறைவு. கச்சேரியிலும் பாடசாலையிலும் நீதிமன்றத்திலும் செய்யக்கூடியதே அதிகம்.