தோல்வி அச்சமும் பிள்ளைகளின் இலக்குகளும்

(இலண்டன் தமிழ்ப் பெற்றோர் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



தோல்விக்கு அஞ்சுபவர் சிறிய இலக்கையே நாடுவார் என்பது பொதுவான எண்ணம். அது பாதி உண்மை மட்டுமே. அத்தகையவர் எட்டவே முடியாத இலக்கையும் தெரிவு செய்யக்கூடும் என்று அமெரிக்க உளவியலாளர் ஜோன் அட்கின்சன் 1957இல் எடுத்துரைத்தார். 1960இல் அவர் லிட்வின் என்பவருடன் இணைந்து வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் ஒரு முளையை நோக்கி வளையம் எறிந்தனர். எங்கு நின்று எறிவதென்பது அவரவர் விருப்பம். சாதிக்கும் ஆவல் மிகுந்து, பரீட்சை அச்சம் குறைந்தவர்களே இடைத்தூரத்தை அதிகம் நாடினர். அருகில் நின்றால் வளையம் தவறாது; வெகு தொலைவில் நின்று தவறினால் எவரும் குறை கூறார். நடுவில் நின்று தவறுவதுதான் சுடும்.

இலண்டனில் தமிழ் வீடுகள் பலவற்றில் மருத்துவமே ஒரே இலக்காக வேரூன்றியுள்ளது. இதனை வெறும் கௌரவ ஆசை என்று ஒதுக்குவது நியாயமன்று. 1971இல் இலங்கையில் பல்கலைக்கழக அனுமதிக்குத் தரப்படுத்தல் வந்தபோது, மருத்துவபீடம் செல்லத் தமிழ்மொழி மூல மாணவருக்கு 400க்கு 250 புள்ளிகள் தேவைப்பட்டன. சிங்களமொழி மூல மாணவருக்கு 229 போதுமாயிருந்தது. உழைத்தும் கதவடைக்கப்பட்ட தலைமுறை அது. பிள்ளையின் விண்ணப்பத்தில் தம் பழைய பெறுபேற்றைத் திருத்தி எழுத முயலும் தந்தையர் இன்றும் உளர்.

ஆயினும் அந்த அச்சத்தைச் சுமப்பது பதினேழு வயதுப் பிள்ளை. பிரித்தானியப் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் ஐந்து தெரிவுகள் உண்டு. அவற்றுள் மருத்துவத்துக்கு நான்கு மட்டுமே. ஐந்தாவது இடத்தில் எதை எழுதுவது என்று பேச்செடுத்தாலே சில வீடுகளில் அது அபசகுனம். பிள்ளைக்கு வேறு எதில் நாட்டம் என்பது வெளிப்படக்கூடிய இடமே அதுதான். அதனையும் வெறுமையாக விட்டுவிடுகின்றனர்!

மருத்துவத்தில் உண்மையான விருப்பம் கொண்ட பிள்ளைக்கும் பதினெட்டு வயதோடு வழி முடிந்துவிடுவதில்லை. தமிழர் செறிந்து வாழும் தூட்டிங்கில், செயின்ட் ஜோர்ஜ் மருத்துவக் கல்லூரி பட்டதாரிகளுக்கான நான்காண்டு மருத்துவக் கற்கையை 2000ஆம் ஆண்டிலேயே தொடங்கியது. இத்தகைய வழிகளைப் பெற்றோர் முன்கூட்டியே பிள்ளையுடன் அமர்ந்து பேசுதல் வேண்டும். ஓகஸ்டில் பெறுபேறு வந்த பின் அன்று. மருத்துவ விண்ணப்பங்கள் ஒக்டோபர் நடுப்பகுதியிலேயே முடிவடைகின்றன.