மின்சாரத்தின் இரண்டு நடைகள்



புனே நகரின் ஓரத்தில் இருக்கிறது வாகட். அங்கே உயரமான தூண்களின் மேல் ஒரு மெட்ரோ ரயில் பாதை அமைந்திருக்கிறது. ஹிஞ்சவடியிலிருந்து வாகட் வழியாகச் சிவாஜிநகர் பக்கம் போகும் பாதை அது. மின்சார ரயிலுக்கான பாதைதான். ஆனால் மேலே மின்கம்பி இல்லை!

அதே ஊரில் இன்னொரு மெட்ரோ ஓடுகிறது. பிம்ப்ரியிலிருந்து சுவார்கேட் செல்லும் ரயில் அது. 2022-இல் அதன் முதல் பகுதி திறக்கப்பட்டது. அந்தப் பாதையில் மேலே மின்கம்பி இருக்கிறது.

ஒரே ஊர். இரண்டு மெட்ரோ. ஏன் இந்த வேறுபாடு?

மின்சாரத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று டிசி. தமிழில் நேர்திசை மின்னோட்டம். மற்றது ஏசி. தமிழில் மாறுதிசை மின்னோட்டம். அறையைக் குளிர வைக்கும் ஏசி வேறு. இந்த ஏசி வேறு.

டிசி மின்சாரம் வாய்க்கால் தண்ணீர் போல. எப்போதும் ஒரே பக்கம்தான் ஓடும். டார்ச் விளக்கின் பேட்டரி தருவது டிசி.

ஏசி மின்சாரம் ரம்பம் போல. இரண்டு பேர் மரம் அறுப்பதைப் பார்த்திருப்பீர்கள். ரம்பம் முன்னே போகும், பின்னே வரும். ஆனாலும் மரம் அறுபடும். ஏசியும் அப்படித்தான். நம் வீட்டு மின்சாரம் ஏசி. ஒரு நொடியில் 50 முறை அது போய்த் திரும்புகிறது.

வீட்டுக்கு ஏன் ஏசி வருகிறது? தெருவில் உள்ள டிரான்ஸ்பார்மரைக் கவனியுங்கள். அது ஏசியின் வோல்ட்டைக் குறைத்துத் தருகிறது. கூட்டித் தரும் டிரான்ஸ்பார்மரும் உண்டு. டிசியில் டிரான்ஸ்பார்மர் வேலை செய்யாது.

வோல்ட்டைக் கூட்டினால் என்ன லாபம்? வோல்ட்டைப் பத்து மடங்கு கூட்டினால், அதே அளவு சக்தியை அனுப்பப் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டம் போதும். அப்போது கம்பி சூடாகி வீணாகும் மின்சாரம் நூற்றில் ஒரு பங்காகக் குறையும். அதனால்தான் தொலைதூரத்துக்கு அனுப்ப ஏசி வசதியானது.

நம் நாட்டு ரயில் இந்தப் பாடத்தை அனுபவத்தில் கற்றது. 1925 பிப்ரவரி 3 அன்று மும்பையில் இந்தியாவின் முதல் மின்சார ரயில் ஓடியது. அது 1,500 வோல்ட் டிசியில் ஓடியது. பிறகு மலை ஏறிப் புனே வரை டிசி வந்தது. 1931-இல் சென்னைக் கடற்கரை – தாம்பரம் ரயிலும் டிசியில்தான் தொடங்கியது.

டிசி பாதையில் வோல்ட் குறைவு. ஆகவே பல துணை மின்நிலையங்களை அருகருகே கட்ட வேண்டும். நீண்ட பாதைக்கு அது கட்டுப்படியாகாது. எனவே 25,000 வோல்ட் ஏசி வந்தது. சென்னை முதலில் மாறியது. மும்பைப் பகுதி 2016-இல் மாறி முடிந்தது.

அப்படியானால் டிசி பயன் இல்லாததா? இல்லை! பேட்டரியில் சேமிக்க டிசிதான் வேண்டும். செல்போன் சார்ஜர் செய்யும் வேலை என்ன? வீட்டு ஏசியை டிசியாக மாற்றித் தருகிறது. சூரிய ஒளித் தகடு தருவதும் டிசிதான்.

வாகட் மெட்ரோவும் டிசிக்காக அமைந்தது. 750 வோல்ட் டிசி. ஊருக்குள் ஓடும் சிறிய பாதை என்பதால் துணை மின்நிலையங்கள் அருகருகே இருப்பது பெரிய சுமை இல்லை. மின்சாரம் மேலே செல்வதில்லை. தண்டவாளத்தின் பக்கத்தில் இன்னொரு தண்டவாளம் இருக்கும். அதில்தான் செல்லும்.

இங்கேதான் கவனம் வேண்டும். மேலே கம்பி இல்லை என்றால் மின்சாரம் இல்லை என்று நினைக்கக்கூடாது. 750 வோல்ட் டிசி ஆளைக் கொல்லும். மெட்ரோ பாதையில் செல்போன் விழுந்தாலும், பை விழுந்தாலும் இறங்கக்கூடாது. நிலைய ஊழியரிடம் சொல்ல வேண்டும்.

25,000 வோல்ட் கம்பியோ இன்னும் பொல்லாதது. தொட வேண்டியதில்லை. அருகே போனாலே மின்சாரம் தாவிப் பாயும். ரயில் பெட்டியின் மேல் ஏறக்கூடாது. கம்பியின் கீழ் நீண்ட இரும்புக் கம்பியைத் தூக்கிப் பிடிக்கக்கூடாது.

வீட்டில் உள்ள 230 வோல்ட் ஏசியும் உயிரை எடுக்கும். ஈரக் கையால் சுவிட்சைத் தொடாதீர்கள்.

எழுத்துப் படிக்கக் கற்றுக்கொண்டீர்கள். இனி இந்தக் குறிகளையும் படியுங்கள். சார்ஜரைக் கையில் எடுத்துப் பாருங்கள். அலை போல வளைந்த கோடு இருந்தால் ஏசி. நேர்கோடும் அதன் கீழே துண்டுக் கோடுகளும் இருந்தால் டிசி. பேட்டரியில் கூட்டல் குறியும் கழித்தல் குறியும் இருக்கும். அதைப் பார்த்துப் பேட்டரியைப் போடுங்கள்.

மண்டை ஓடும் குறுக்கே இரண்டு எலும்பும் போட்ட பலகையைப் பார்த்தால் நில்லுங்கள். அங்கே ஏசியா, டிசியா என்று கேட்க வேண்டாம். இரண்டுக்கும் தள்ளியே நில்லுங்கள்.