கொத்தனார் வீடு



கொத்தனார் ஒருவரின் வீட்டைத் தேடிப் போனால் பெரும்பாலும் அடையாளம் கேட்க வேண்டியிருக்காது. வெளிப்பூச்சு இல்லாமல் செங்கல் தெரியும். மொட்டை மாடியில் தூண் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். "ஊருக்கெல்லாம் கட்டுகிறவர், தன் வீட்டை இப்படிப் போட்டு வைத்திருக்கிறாரே" என்று தெருவில் போகிறவர்கள் சொல்லிவிட்டுப் போவார்கள். அவர் பக்கத்துக் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம்.

தை பிறந்தால் அவருக்கு வேலை குவியும். வைகாசியில் கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்துவிட்ட வீட்டுக்காரர் தினமும் காலையில் போன் போடுவார். அந்த மாதங்களில் கையில் கூலி புரளும், நேரம் இருக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலை நின்றுவிடும். நேரம் தாராளமாக இருக்கும், ஆனால் மளிகைக் கடையிலேயே கடன் ஏறிக்கொண்டிருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் அவருக்குக் கிடைப்பது ஞாயிற்றுக்கிழமைகள். அப்புறம் ஆடி மாதம். ஆடியில் யாரும் புது வேலை தொடங்க மாட்டார்கள். ஏற்கெனவே பூஜை போட்ட வேலையைத் தொடர ஆடி தடையில்லை. ஆகவே ஊர்க்காரர்கள் ஒதுக்கிவைத்த மாதத்தில்தான் கொத்தனார் வீட்டில் கரண்டிச் சத்தம் கேட்கும்.

இப்படி விட்டு விட்டுக் கட்டுவதற்குத் தனித் திறமை வேண்டும். நாமெல்லாம் பணம் தீர்ந்த இடத்தில் நிறுத்துவோம். அவருக்கு எந்த இடத்தில் நிறுத்தலாம் என்பது தெரியும். பேஸ்மட்டம் கட்டி, உள்ளே மண் கொட்டி, ஒரு மழைக்காலம் அப்படியே விட்டுவிடுவார். தண்ணீர் இறங்க இறங்க மண் அமுங்கும். பிறகு போடும் தரை இறங்காது. அவசரமாகக் கட்டிய பெரிய வீடுகளில் இரண்டே வருடத்தில் டைல்ஸ் 'டொக் டொக்' என்று ஒலிப்பதற்கு, சரியாக அமுங்காத மண்ணும் ஒரு காரணம். சுவரைப் பாதியில் நிறுத்த வேண்டி வந்தால் நேர்க்குத்தாக விடாமல் படிப்படியாக இறக்கி விடுவார். ஆறு மாதம் கழித்துத் தொடரும்போது பழைய வரிசையும் புது வரிசையும் அப்போதுதான் பிணையும். நீட்டி நிற்கும் கம்பி துருப்பிடிக்காமல் இருக்க அதில் சிமெண்ட் பால் பூசி வைப்பார். செங்கல் விலை குறைந்திருக்கும்போது ஒரு லோடு இறக்கிப் போடுவார், சிமெண்ட்டை மட்டும் அப்படி வாங்கிச் சேர்க்க மாட்டார். மூன்று மாதம் மூட்டையில் கிடந்தால் அதன் பலம் குறையும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் தளம் போடும் நாளைத் துண்டு போட முடியாது. சாதாரண வீட்டுத் தளத்தைக் காலையில் தொடங்கினால் அன்றே முடித்தாக வேண்டும். நடுவில் விட்டால் அந்த ஒட்டு வழியாகப் பின்னால் தண்ணீர் கசியும். தனி ஆளாகச் செய்கிற வேலை இல்லை அது. வயலில் மாற்றாள் போவதைப் போல இங்கேயும் ஒரு வழக்கம் உண்டு. சென்ட்ரிங்காரர், கம்பி கட்டுகிறவர், எலெக்ட்ரீஷியன், கலவை போடும் ஆட்கள் என்று கூட வேலை செய்கிறவர்கள் எல்லோரும் வந்து சேர்வார்கள். சிலருக்குக் கூலி பாதி, சிலருக்குச் சாப்பாடு மட்டும். யார் வீட்டுக்கு யார் எத்தனை ஆள் வேலை போனார்கள் என்பது நோட்டில் இருக்காது, ஆனால் யாருக்கும் மறக்காது. அவர்கள் வீட்டுக்கு இவர் போகாமல் இருந்துவிட முடியாது. வாங்கிய மொய்யை விடவும் கட்டாயமான கடன் அது.

தளம் போட்ட பிறகு முட்டுப் பலகையை எப்போது எடுப்பது? நாலரை மீட்டர் அகலம் வரையுள்ள தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள் என்கிறது இந்தியத் தர நிர்ணயம் 456. பலகை வாடகை ஏறுகிறது என்று அடுத்தவர் வீட்டில் கான்ட்ராக்டர் அவசரப்படுத்துவார். தன் வீட்டில் அந்த அவசரத்துக்கு இவர் இடம் கொடுப்பதில்லை. வேலைக்குக் கிளம்புமுன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை மேலே ஏறித் தண்ணீர் கட்டுவார். பகலில் அந்தப் பொறுப்பு வீட்டு அம்மாவுக்கு.

அவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கட்டட வேலையில் பெண்கள் பல வருடம் சித்தாளாகவே இருந்து ஓய்ந்துபோகிறார்கள். கலவையின் பதம் பார்த்தே சொல்லத் தெரிந்தவருக்கும் கரண்டியைக் கையில் கொடுப்பது அபூர்வம், கொத்தனார் கூலி கொடுப்பது அதைவிட அபூர்வம். சொந்த வீட்டில் மட்டும் உள்சுவர் பூச்சில் மனைவி கை வைப்பார். அந்தச் சுவர் மட்டமாக நிற்பதைப் பார்த்த பிறகும் திங்கட்கிழமை அவர் சித்தாள் கூலிக்குத்தான் போகிறார். இந்தத் தொழிலில் எனக்கு ஆறவே ஆறாத விஷயம் இது.

பணத்துக்கு வங்கியில் சம்பளச் சீட்டு கேட்பார்கள். வாரக் கூலிக்காரரிடம் அது ஏது? நகைக் கடனும் ஏலச் சீட்டும்தான் கைகொடுக்கும். தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியம் 1994இல் தொடங்கியது. நாம் வீட்டுக்குத் திட்ட அனுமதி வாங்கும்போது கட்டுமான மதிப்பில் 1 சதவீதம் கட்டுகிறோமே, அந்த நிதி அங்கேதான் போகிறது. வாரியத்தில் பதிந்து, சொந்த மனை உள்ள தொழிலாளர் வீடு கட்டிக்கொள்ள 4 லட்சம் ரூபாய் வரை உதவி என்று அரசு அறிவித்திருக்கிறது. பலர் சிக்கிக்கொள்வது மனைப் பட்டாவில்தான். அது தாத்தா பெயரிலேயே இருக்கும். உங்கள் வீட்டில் வேலை செய்கிறவரிடம் வாரிய அட்டை இருக்கிறதா, புதுப்பித்தாரா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வேலை முடிந்து, மிச்சமான டைல்ஸை அவருக்குக் கொடுக்கும்போது நாலு பேர் முன்னால் கொடுங்கள். இல்லாவிட்டால், "எங்கிருந்து எடுத்துவந்தாய்?" என்ற பேச்சு அவருக்கு வரும். அவர் வீட்டு அடுப்படித் தரையில் மூன்று நாலு டிசைன் கலந்திருந்தால் அது இப்படிச் சேர்ந்ததுதான்.

சரி, வெளிப்பூச்சு? உள்ளே குடியிருக்க அது உடனே தேவையில்லை. சாரம் கட்ட வேண்டும், மணல் வேண்டும், ஒரு வாரக் கூலியை இழக்க வேண்டும். அதனால் தள்ளிப்போகும். பெண்ணையோ பையனையோ பார்க்க வருகிறோம் என்று சம்பந்தி வீட்டார் சொல்லி அனுப்பட்டும், எட்டே நாளில் பூசி, சுண்ணாம்பும் அடித்துவிடுவார்.