கடைசி வீட்டுப் பூட்டு



இந்தச் சொற்பொழிவு யாருடைய நினைவில் நடக்கிறதோ அந்தப் பெரியவர் ஒற்றை லேத்தோடு தொழில் தொடங்கியவர். வேலை முடிந்ததும் வாடிக்கையாளரின் டிராயிங்கைச் சுருட்டி இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவாராம். தகவல் பாதுகாப்பு என்ற சொல் அன்றைக்கு வழக்கில் இல்லை. பீரோ இருந்தது, சாவி இருந்தது, அது போதுமானதாக இருந்தது.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டவை ஜப்பானில் டொயோட்டாவைச் சுற்றி, கால் நூற்றாண்டு இடைவெளியில் நடந்த இரண்டு சம்பவங்கள்.

1997 பிப்ரவரி 1, சனிக்கிழமை விடியற்காலை. காரியா நகரில் ஐசின் செய்கி நிறுவனத்தின் ஆலையில் தீப்பிடித்தது. அங்கே செய்யப்பட்டது பி-வால்வு. பிரேக்கை மிதிக்கும்போது பின்சக்கரங்களுக்குப் போகும் அழுத்தத்தை மட்டுப்படுத்தும் பாகம் அது, உள்ளங்கையில் அடங்கிவிடும். டொயோட்டாவின் தேவையில் அநேகமாக முழுவதும் அந்த ஓர் ஆலையிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. வேண்டியபோது வேண்டிய அளவு மட்டும் வரவழைப்பது டொயோட்டாவின் முறை. ஆகவே கையிருப்பு சொற்பம். சில நாட்களில் அதன் ஜப்பான் ஆலைகள் பெரும்பாலும் நின்றுபோயின.

பிறகு நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. ஐசின் தன் டிராயிங்குகளைக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தது. வால்வையே தொட்டறியாத கம்பெனிகள் எல்லாம், தையல் இயந்திரத்துக்குப் பேர்போன பிரதர் உட்பட, தங்களிடம் இருந்த பொது இயந்திரங்களில் அதைக் கடைய முனைந்தன. துணை ஒப்பந்தக்காரர்களையும் சேர்த்தால் சுமார் 200 நிறுவனங்கள். விலை என்ன, யார் தருவார்கள் என்று முதலில் யாரும் கேட்கவில்லை. சில நாட்களிலேயே முதல் வால்வுகள் வந்தன. பத்து நாட்களுக்குள் ஆலைகள் பழைய ஓட்டத்துக்கு வந்துவிட்டன.

இதைப் பலரும் ஒற்றுமைக்கு உதாரணமாகச் சொல்வார்கள். எனக்கு அது பழக்கத்தின் பலனாகவே படுகிறது. இன்னாரிடம் இன்ன மெஷின் இருக்கிறது, இன்னார் கை இவ்வளவு நுணுக்கம் தாங்கும் என்பது அந்த வட்டாரத்தில் ஏற்கெனவே பலருக்கும் தெரிந்திருந்தது. பீரோவைத் திறந்து டிராயிங்கைக் கொடுக்கத் துணிவு வந்தது அதனால்தான்.

அந்தப் பழக்கத்துக்கும் ஓர் எல்லை உண்டு. 2011 மார்ச் 11 நிலநடுக்கத்தில் ஹிட்டாச்சினாக்காவில் ரெனெசாஸ் நிறுவனத்தின் சிப் ஆலை முடங்கியபோது டொயோட்டா திகைத்தது. நேரடியாகச் சப்ளை செய்பவர்களை அதற்குத் தெரியும். அவர்களுக்குச் சப்ளை செய்பவர்களை? கீழே போகப் போக மரம்போலக் கிளைவிடும் என்று நினைத்த சங்கிலி, பல இடங்களில் ஒரே ஆலையில் போய்க் குவிந்திருந்தது. நான் யாரிடம் வாங்குகிறேன் என்பதை ஒவ்வொருவரும் வியாபார ரகசியமாக வைத்திருந்தார்கள். அதில் தப்பும் இல்லை. சொன்னால் மேலே இருப்பவன் நம்மைத் தாண்டிப் போய்விடுவான் என்ற பயம் நம் ஊர் வெண்டர்களுக்கும் இல்லையா? டொயோட்டா அதன்பின் கீழ்மட்டச் சப்ளையர்கள் வரைக்கும் விவரம் திரட்டி ஒரு தகவல் தொகுப்பை உருவாக்கியது. சிப் சப்ளையர்களிடம் பல மாதத்துக்குக் கையிருப்பு வைத்துக்கொள்ளவும் சொன்னது. 2021இல் உலகமே சிப்புக்கு அலைந்தபோது டொயோட்டா தொடக்கத்தில் ஓரளவு தாக்குப்பிடித்ததற்கு இதுவே காரணம்.

இனி இரண்டாவது சம்பவம். டொயோட்டாவின் ஆர்டர் முறையான கான்பான் என்பது முதலில் ஓர் அட்டை. பெட்டியில் சாமான் தீர்ந்ததும் அட்டை திரும்பிப் போகும், அதுதான் ஆர்டர். பின்னாளில் அட்டையின் இடத்தைக் கம்ப்யூட்டர் பிடித்துக்கொண்டது. 2022 பிப்ரவரி 26, அதுவும் சனிக்கிழமைதான், இரவு நேரம். டொயோட்டாவுக்குக் காரின் பிளாஸ்டிக் பாகங்கள் செய்யும் கோஜிமா நிறுவனத்தின் சர்வர்களை ரான்சம்வேர் முடக்கியது. பிளாஸ்டிக் வார்க்கும் மெஷின்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. தொற்று பரவாமலிருக்க வெளியுலகத் தொடர்பைக் கோஜிமா துண்டித்தது. ஆர்டர் போகவும் வரவும் வழியில்லை. மார்ச் 1 அன்று ஜப்பானில் டொயோட்டாவின் 14 ஆலைகளில் 28 லைன்களும் நின்றன. ஒரே நாளில் சுமார் 13,000 வண்டிகள் தடைப்பட்டன. தற்காலிக இணைப்பு ஒன்றை ஏற்படுத்தி, மறுநாள் ஆலைகளை மீண்டும் ஓட்டினார்கள்.

திருடன் எந்த வழியாக வந்தான் என்பதைக் கோஜிமாவே பிறகு அறிக்கையில் சொன்னது. அதன் துணை நிறுவனம் ஒன்று, குறிப்பிட்ட ஒரு வெளி நிறுவனத்தோடு பேசுவதற்கென்று மட்டும் வைத்திருந்த தொலை இணைப்புக் கருவி. அதிலிருந்த ஓட்டை வழியாகத் துணை நிறுவனத்துக்குள் நுழைந்து, அங்கிருந்து தாய் நிறுவனத்துக்குப் போயிருக்கிறான். டொயோட்டாவின் வாசலை அவன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

1997இல் தகவலைத் திறந்துவிட்டது காப்பாற்றியது. 2022இல் தகவல் போகும் வழியே தாக்குதலுக்கு வழியானது. அதனால் பகிர்வதைக் குறைத்துவிடலாம் என்று தீர்ப்புச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. கேட்க வேண்டிய கேள்வி பூட்டுக்கு யார் காசு கொடுப்பது என்பதுதான். சப்ளைச் சங்கிலி என்ற தெருவின் கடைசி வீட்டில் கொசுறு லாபத்தில் பிழைப்பு நடத்துபவரிடம் வருடாவருடம் விலையைக் குறைக்கச் சொல்கிறோம். அதே மூச்சில் ஃபயர்வால் போடு, ஆடிட் செய், ஆள் வை என்றும் சொல்கிறோம். கோஜிமா சம்பவம் நடந்த அதே ஆண்டு அக்டோபரில், ஜப்பானின் பொருளாதார, தொழில் அமைச்சகமும் நியாய வணிக ஆணையமும் சேர்ந்து ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டன. பாதுகாப்புச் செலவைப் பற்றிப் பேசாமலே அதை ஒருதலைப்பட்சமாகச் சப்ளையர் தலையில் கட்டுவது, வலுத்தவன் தன் நிலையைத் தவறாகப் பயன்படுத்தும் சட்டமீறலாகக் கருதப்படலாம் என்றது அது. நம் ஊரில் இந்தப் பேச்சே இன்னும் எழவில்லை என்பது என் குறை.

குறை சொல்லும் தகுதி எனக்கு எவ்வளவு என்பதையும் சொல்லிவிடுகிறேன். பர்ச்சேஸ் பிரிவில் இருந்த காலத்தில், சென்னைப் புறநகரில் ஜாப் ஒர்க் செய்த ஒருவருக்கு எங்கள் கம்பெனியின் பாதுகாப்புப் படிவத்தை அனுப்பினேன். பக்கம் பக்கமாகக் கேள்விகள். இரண்டே நாளில் திரும்பி வந்தது, எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ என்று டிக் அடித்து. அவருடைய ஷெட்டில் இருந்தது ஒரே கம்ப்யூட்டர். எங்கள் போர்ட்டலின் பாஸ்வேர்டை ஓர் அட்டையில் எழுதி மானிட்டர் மேலேயே ஒட்டியிருந்தார். அதற்கு முந்தைய மாதம்தான் நான் அதைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். போனில் கேட்டேன். “இல்லைன்னு போட்டா ஆர்டர் கொடுப்பீங்களா சார்?” என்றார்.

படிவத்தில் ‘சரிபார்க்கப்பட்டது’ என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டு ஃபைலில் வைத்தேன்.