பத்திரம் கேட்ட சட்டமும் பத்திரமில்லாத மக்களும்

(திகன நகரில் நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றிய உரை)



இக்கூட்டத்திலே ஆசிரியர்களும் வைத்தியர்களும் சட்டத்தரணிகளும் இருக்கிறார்கள். தும்பறைப் பள்ளத்தாக்கிலே மிளகும் காய்கறியும் செய்து பிழைக்கும் கமக்காரரும் இருக்கிறார்கள். காணியுறுதி என்றால் என்னவென்று கமக்காரருக்கு நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. உறுதியிலே ஓர் எல்லை பிழைத்துவிட்டால், பாட்டன் வெட்டிய கிணறும் அயலானுக்குப் போய்விடும். மனிதன் தன் நாட்டுக்கு உரியவன் என்பதற்கும் அவ்வாறே ஓர் உறுதி வேண்டுமென்று 1948இல் இந்நாட்டுப் பாராளுமன்றம் விதித்தது. அந்த உறுதியின் வரலாற்றையும், இன்று அதைக் காக்கும் வகையையும் பற்றியே பேச வந்திருக்கிறோம்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் சொன்னது இது: இலங்கையிற் பிறந்தது மட்டும் போதாது, தந்தையும் இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். இந்நாட்டிலே பிறப்புப் பதிவு கட்டாயமாக்கப்பட்டதே 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேதான். பூட்டனுடைய பிறப்பத்தாட்சிப் பத்திரத்தை எந்தக் கந்தோரிலே போய்த் தேடுவது? அன்றைய மந்திரிமாரிலே எத்தனை பேர் தம் பூட்டனுடைய பத்திரத்தைக் காட்டியிருக்கக் கூடும்? அவர்களை எவரும் கேட்கவில்லை. தோட்டத் தொழிலாளியிடமே கேட்டார்கள்.

அடுத்து வந்தது 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம். 1946 ஜனவரி முதலாந் திகதிக்கு முன், மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் இடையறாது இங்கே வாழ்ந்ததாக நிரூபித்தால் பிரசையாகப் பதியலாம் என்றது. விண்ணப்பிக்கத் தவணை 2 ஆண்டு. சுமார் 2,37,000 விண்ணப்பங்கள் குவிந்தன. 8 இலட்சத்துக்கு மேற்பட்ட உயிர்கள் அவற்றுள் அடக்கம். உரிமை பெற்றவரோ சுமார் 1,34,000 பேர்தாம். ஊருக்குப் போனவன் அங்கே ஓராண்டுக்கு மேல் தங்கிவிட்டால் "இடையறாத வசிப்பு" அறுந்தது என்றார்கள். அதே 1949இல் வாக்காளர் இடாப்பிலிருந்தும் நம்மவர் பெயர் நீங்க வழி செய்யப்பட்டது. 1947இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் வென்ற 7 ஆசனங்கள் அடுத்த தேர்தலிலே மறைந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. தமிழ்க் காங்கிரஸ் பிளவுபட்டு, செல்வநாயகம் அவர்கள் தனிக்கட்சி கண்டதும் இவ்விஷயத்திலேதான்.

நீதிமன்றத்தை நாடவில்லையா என்று கேட்பீர்கள். நாடினோம். சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு, ஒரு சமூகத்தின்மீது மட்டும் இயலாமையைச் சுமத்தும் சட்டத்தைத் தடுத்திருந்தது. கொடக்கன்பிள்ளை வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில்வரை சென்றது. இது பிரசாவுரிமையை வரையறுக்கும் சட்டமே என்று கூறி, 1953இல் அப்பீலைத் தள்ளிவிட்டார்கள். சட்டத்தின் சொல்லை அவர்கள் படித்தார்கள். அது யார்மீது விழுகிறது என்பதைப் பார்க்கவில்லை என்பதே நமது கருத்து.

பின்னர் 1964 அக்டோபர் 30ஆந் திகதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேரிலே 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரை 1974இலே ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். பங்கிடப்பட்ட மக்களிடம் எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கண்டியிலுள்ள இந்திய உதவித் தூதரகத்தின் வாசலிலே காத்து நின்ற குடும்பங்களை இங்குள்ள முதியோர் அறிவர். 1984இல் தலைமன்னார்க் கப்பல் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டைக் கையிலே வைத்துக்கொண்டு லயத்திலேயே தங்கியவர்கள் பல்லாயிரவர். 1986ஆம் ஆண்டின் பிரார்த்தனைப் போராட்டமும் அவ்வாண்டினதும் 1988இனதும் சட்டங்களும் பலருக்கு வழி திறந்தன. மிஞ்சியிருந்த கதவைத் திறந்தது 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம்.

அந்தச் சட்டத்தை ஊன்றிக் கவனியுங்கள். இன்றும் நமக்கு ஆதாரம் அதுவே. 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினரும், இங்கே வாழும் அவர்தம் சந்ததியாரும் பிரசைகள். நாடற்றவராயிருந்தோர் சட்டம் நடைமுறைக்கு வந்தவுடனேயே பிரசைகளாயினர். இந்தியப் பிரசாவுரிமை பெற்றும் போகாதிருந்தோர், அதைத் துறந்து ஒரு பிரகடனத்திலே கையொப்பமிட வேண்டும். இக்கட்சி அக்கட்சி என்றில்லாமல் பாராளுமன்றம் ஏகமனதாக அதை நிறைவேற்றியது. அதே 2003இல் வேறொரு திருத்தம், தாய்வழியாகவும் பிள்ளைக்குப் பிரசாவுரிமை வரும் என்றது; அதுவரை தந்தைவழி மட்டுமே. தந்தை இந்தியப் பதிவிலும் தாய் இலங்கைப் பதிவிலும் இருந்த வீடுகளுக்கு இது எத்தனை பெரிய காரியம் என்பதை அந்த வீடுகளே அறியும்.

இனி, எடுத்துக்காட்டாக ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். பாட்டன் 1949ஆம் ஆண்டுச் சட்டத்திலே தள்ளப்பட்டு, 1969இல் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தவர். மூத்த மகன் கப்பலேறிப் போய்விட்டான். இளையவன் இங்கேயே நின்று பிரகடனம் கொடுத்தான். இளையவனுடைய மகள் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கிறாள். தாய் தகப்பனின் விவாகம் கோயிலிலே நடந்தது, பதியவில்லை. அவளுடைய பிறப்புப் பத்திரத்திலே தகப்பன் பெயருக்குரிய கூடு வெறுமையாயிருக்கிறது. தாயின் பெயரோ சிங்களத்தில் எழுதியவர் கேட்டபடி எழுதியதால் வேறொருத்தியின் பெயராகிவிட்டது. சட்டப்படி அவள் பிரசைதான். ஆயினும் சந்ததி என்பதை எதைக் கொண்டு காட்டுவாள்?

மூத்தவன் கடைசிக் காலத்தில் தம்பியோடிருக்க விரும்புகிறான் என்று வையுங்கள். இந்நாட்டிலே இரட்டைப் பிரசாவுரிமை இருக்கிறதே என்பார்கள். அந்தப் பிரிவு இலங்கைப் பிரசையாயிருந்து அதை இழந்தவருக்கு உரியது. இவனோ ஒருநாளும் பிரசையாக ஏற்கப்படாதவன். இல்லாததை எப்படி இழப்பான்? 2009ஆம் ஆண்டின் திருத்தமும் கலவரங்களினால் இந்தியாவுக்கு ஓட நேர்ந்த வம்சாவளியினரையே கருதியது, ஒப்பந்தப்படி அனுப்பப்பட்டவரை அன்று. தம்பியின் உரிமையைக் கொண்டு அண்ணனை அழைக்கச் சட்டம் இடங்கொடுக்கவில்லை. விசாவிலே வந்து விருந்தாளியாகத் திரும்புகிறான். இதற்கு ஒரு திருத்தம் வேண்டும் என்பதை நாம் பாராளுமன்றத்தில் எழுப்பச் செய்ய வேண்டும்.

தமிழ்நாட்டு முகாம்களிலே உறவினர் உள்ளவர்களுக்கும் ஒரு சொல். 2019ஆம் ஆண்டின் இந்தியத் திருத்தச் சட்டம் பாக்கிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்காளதேசம் ஆகிய மூன்றையே பேசிற்று. இலங்கையின் பெயர் அதில் இல்லை. ஆனால் 1950 ஜனவரி 26ஆந் திகதிக்கும் 1987 யூலை முதலாந் திகதிக்கும் இடையில் இந்தியாவிலே பிறந்தவர் பிறப்பினாலேயே இந்தியப் பிரசை. மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு வழங்கும்படி 2022இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கட்டளையிட்டது. ஆகவே உறவினருக்குக் கடிதம் எழுதும்போது முதலிலே பிறந்த திகதியைக் கேளுங்கள்.

இங்குள்ளோர் செய்ய வேண்டியதைச் சொல்லுகிறோம். 1964ஐத் தொடும் கடதாசி எதுவானாலும் எறியாதீர்கள்: பழைய கூப்பன் புத்தகம், சேமலாப நிதிக் கணக்கு, தோட்டத்துச் செக்றோல் பிரதி, பள்ளிக்கூடச் சேர்வு இடாப்பு, தொழிற்சங்கச் சந்தாத் துண்டு. பதியாத விவாகத்தைப் பதியுங்கள். பிறப்புப் பதிவு தவறியிருந்தால் காலங்கடந்த பதிவுக்கு விண்ணப்பியுங்கள். அதற்கும் ஆதாரமில்லையென்றால் உத்தேச வயதுச் சான்றிதழ் இருக்கிறது. பெயர்ப் பிழையைச் சத்தியக்கடதாசியோடு இப்போதே திருத்துங்கள்; பரீட்சைக்கு முதல்நாள் ஓடாதீர்கள். கிராம உத்தியோகத்தரோ தோட்டத் துரையோ கையொப்பமிட மறுத்தால், மறுத்த நாளையும் காரணத்தையும் எழுதி வையுங்கள். தரகனுக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

படித்தவர்களிடம் நமது வேண்டுகோள் சிறிது. ஆசிரியர்கள் பழைய இடாப்புகளைக் கறையானிடமிருந்து காப்பாற்றுங்கள். சமாதான நீதவான்கள் தொழிலாளியிடம் கூலி வாங்காதீர்கள். சட்டத்தரணிகள் மாதத்தில் ஒரு சனிக்கிழமையை இந்த வேலைக்கு ஒதுக்குங்கள். குண்டசாலைப் பிரதேச செயலகத்துக்குப் போக வேண்டிய படிவங்களை அன்றைக்கு இங்கேயே உட்கார்ந்து நிரப்பித் தருவோம். மூலப் பத்திரங்களைக் கொண்டுவாருங்கள். ஒளிப்பிரதி எடுத்தவுடன் மூலத்தைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எவரிடமும் விட்டுவிட்டுப் போகாதீர்கள், எம்மிடமும் வேண்டாம்.