பெல்ட் எவ்வளவு இறுக வேண்டும்?

செங்கோட்டைப் பக்கம் போகிறவர்களுக்கு மரவாடி எங்கே என்று யாரும் கைகாட்ட வேண்டியதில்லை. ரம்பம் ஓடும் சத்தமே சொல்லிவிடும். தடிக்குள் ரம்பம் இறங்கும்போது அந்தச் சத்தம் கொஞ்சம் கனப்பது இயல்புதான். கூடவே 'கிரீச்' என்று ஓர் அலறல் கேட்டால், மோட்டாரிலிருந்து ரம்பச் சக்கரத்துக்குப் போகிற பெல்ட் வழுக்குகிறது என்று அர்த்தம்.

வழுக்கினால் மோட்டார் தன்பாட்டுக்கு ஓடும், ரம்பத்தின் வேகம் மட்டும் குறையும். தடியைத் தள்ளுகிறவர் அதே வேகத்தில் தள்ளிக்கொண்டிருப்பார். ஒவ்வொரு பல்லும் வழக்கத்தைவிட அதிகமாகக் கடிக்க வேண்டிவரும். பல்லிடுக்கில் தூள் அடைத்துக்கொண்டு ரம்பம் ஒதுங்கிப் போகும். பலகை அலை அலையாக வந்து விழும். திட்டு வாங்குவதோ ரம்பத்துக்குச் சாணை பிடித்தவர்!

சரி, நன்றாக இறுக்கிவிடலாமே என்பீர்கள். தம்பூராத் தந்தி மாதிரி விண்ணென்று இறுக்குகிறவர்கள் உண்டு. அந்த இழுப்பு முழுவதும் தண்டு வழியாக பேரிங்கில்தான் இறங்கும். பேரிங் சூடேறும், கிரீஸ் உருகி வழியும், கடைசியில் மோட்டாரைக் கழற்றவேண்டி வரும். பழைய மில்களில் தட்டையான தோல் பெல்ட் ஓடியது. அதற்கு அந்த இறுக்கம் தேவைப்பட்டது. இப்போது ஓடுவது வி பெல்ட். அது புல்லிக் காடியின் இரண்டு பக்கச் சுவர்களையும் ஆப்பாகக் கவ்வுகிறது. அடியைத் தொடவே கூடாது. காடியின் அடிப்பகுதி பளபளவென்று மின்னினால் காடி தேய்ந்து பெல்ட் உள்ளே இறங்கிவிட்டது. அப்புறம் எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்காது. புல்லியையும் பார்க்க வேண்டும்.

அளவு என்ன? பெருஞ்சுமையிலும் வழுக்காத அளவுக்கு இறுக்கம் இருந்தால் போதும். கையில் அளக்கவும் கணக்கு உண்டு. இரண்டு புல்லிகளுக்கும் இடையில் பெல்ட் நேராக ஓடும் நீளத்தில், அங்குலத்துக்கு 64இல் ஒரு பங்கு அமுங்க வேண்டும். நான்கு அடி என்றால் 48 அங்குலம். நடுவில் முக்கால் அங்குலம் அமுங்கவேண்டும். எவ்வளவு விசையில் என்பதற்கு பெல்ட் கம்பெனியின் அட்டவணையில் பெல்ட் ரகத்துக்கும் புல்லி அளவுக்கும் ஏற்ற எண் இருக்கும். கொக்கி வைத்த ஸ்பிரிங் தராசால் இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கட்டைவிரலை நம்பாதீர்கள், ஆளுக்கு ஆள் பலம் மாறும்.

கை வைக்கும் முன் மெயினை அணைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். மோட்டாரின் அடி போல்ட்டைத் தளர்த்தி, மோட்டாரை முன்னால் நகர்த்தி, பெல்ட்டைக் கையால் மாட்டுங்கள். கடப்பாரையால் நெம்பி ஏற்றினால் உள்ளிருக்கும் நூல் இழை அறுந்துபோகும். வெளியே ஒன்றும் தெரியாது. சில நாளில் பெல்ட் காடிக்குள் புரண்டு கிடக்கும். மோட்டாரைப் பின்னுக்கு இழுக்கும்போது புல்லியைக் கையால் சுற்றிக்கொண்டே இறுக்குங்கள், ஒன்றுக்கு மேல் பெல்ட் ஓடினால் எல்லாம் ஒன்றுபோல உட்காரும். இரண்டு புல்லிகளின் முகத்திலும் ஒரு நூலைப் பிடித்துப் பாருங்கள். நூல் நான்கு இடத்திலும் தொடவேண்டும்.

புது பெல்ட் ஓட ஓட இளகும். ஒருநாள், இரண்டுநாள் ஓடிய பிறகு மறுபடி அளந்து இறுக்குவதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். சேர்ந்து ஓடும் மூன்று பெல்ட்டில் ஒன்று அறுந்தால் மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள். பழையது நீண்டிருக்கும், பாரம் முழுவதும் புதியதன் மேல் விழும். இன்னொன்று: வழுக்குகிறதே என்று வி பெல்ட்டில் பிசினோ மெழுகோ தடவாதீர்கள். அதில் மரத்தூள் அப்பிக்கொள்ளும், ரப்பர் கெடும், அளவு தப்பியது தப்பியபடியே இருக்கும்.