மேஜைப்பந்தில் விதியை மாற்றி ஆடுதல்

விளையாட்டின் விதி என்றும் மாறாதது என்று எண்ணுவோர் மேஜைப்பந்தின் வரலாற்றை அறிந்தால் வியப்படைவர். 21 புள்ளிக்கு ஆடிவந்த ஆட்டம் 2001-ஆம் ஆண்டில் 11 புள்ளிக்குக் குறைந்தது. அதற்கு முந்திய ஆண்டில், 38 மில்லிமீட்டர் குறுக்களவு கொண்ட பந்து 40 மில்லிமீட்டராகப் பருத்தது. காற்றின் தடை கூடும், வேகம் சற்றுத் தணியும், பார்ப்போர் கண்ணுக்கும் பந்து புலப்படும் என்பது கருத்து. 1936-இல் பிராக் நகரில் எர்லிக், பானெத் என்னும் இருவர் ஒரே ஒரு புள்ளிக்காக இரண்டு மணி நேரத்துக்கு மேல் பந்தை இங்குமங்கும் தள்ளிக்கொண்டு நின்றனர். அதன் பிறகே வலையின் உயரம் குறைந்தது. ஆட்டத்துக்குக் காலவரம்பும் வந்தது. ஆகவே, கிளப்பில் ஆடுவோர் தமக்குள் விதியைச் சற்று மாற்றி ஆடிப்பார்ப்பதில் குற்றம் ஒன்றும் இல்லை. மும்பைவாசிகளாகிய எங்களுக்கு அதற்குத் தனிக் காரணமும் உண்டு.

அது இடநெருக்கடி. மேஜையின் நீளம் 2.74 மீட்டர், அகலம் 1.525 மீட்டர். ஆடுவோர் பின்வாங்கி நிற்கும் இடத்தையும் கூட்டினால், தாராவியில் ஒரு குடும்பம் முழுதும் வாழும் அறையைவிடப் பெரிய இடம் வேண்டும். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் மேஜை உள்ள கூடங்களில், மாலை வேளையில் பத்துப் பேர் சுவரோரம் காத்து நிற்பர். வென்றவர் நிற்க, தோற்றவர் விலகவேண்டும் என்பதே வழக்கம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் விளைவு என்ன? வல்லவர் மணிக்கணக்கில் மேஜையை விட்டு அகலுவதில்லை. கற்க வந்த சிறுவன் 11–2 என்று தோற்று, ஐந்து நிமிடத்தில் மறுபடியும் சுவருக்குப் போகிறான். அதிகம் ஆடவேண்டியவன் எவனோ அவனே மிகக் குறைவாக ஆடுகிறான். இதை மாற்றவேண்டும் என்றே நாங்கள் நண்பர்கள் சிலர் விதிகளைச் சோதிக்கத் தொடங்கினோம்.

எளியவருக்கு நான்கு புள்ளி முன்னதாகக் கொடுத்துவிடுவது பழைய முறை. அது எங்களிடம் நிலைக்கவில்லை. நான்கை வல்லவர் விரைவில் எட்டிப்பிடித்துவிடுகிறார். தவிர, தானமாக வந்த புள்ளியை வைத்து வெல்வதில் பையன்களுக்கு விருப்பமும் இல்லை.

மட்டையை மாற்றிக்கொண்டு ஆடும் முறையே எங்களுக்கு அதிகம் கற்பித்தது. மட்டையைப் பற்றிப் பேசும்போது இந்நகரத்துக்கு ஒரு தனி உரிமை உண்டு. 1952-ஆம் ஆண்டு பிப்ரவரியில், ஆசியாவிலேயே முதன்முறையாக, உலக மேஜைப்பந்துப் போட்டி பம்பாயில் நடைபெற்றது. ஜப்பானிலிருந்து வந்த ஹிரோஜி சாத்தோ என்னும் மெலிந்த உருவினர், தடித்த ஸ்பாஞ்சு ஒட்டிய மட்டையுடன் இறங்கினார். மட்டையின் மேலுறை இன்னதாக இருக்கவேண்டும் என்று அப்போது விதி எதுவும் இல்லை. பந்து பட்டால் ஓசையே எழவில்லை. அடியின் வலிமையைக் காதால் அளந்து பழகிய பேராட்டக்காரர்கள் தடுமாறினர். இறுதியாட்டத்தில் ஹங்கேரியின் கோசியானை வென்று சாத்தோ பட்டம் பெற்றார். அதன்பின் ஏழாண்டுகள் வாதம் நடந்தது. 1959-இல்தான் வெறும் ஸ்பாஞ்சை விலக்கி, ரப்பரோடு சேர்ந்த உறை நான்கு மில்லிமீட்டருக்கு மேற்படக்கூடாது என்று வரையறுத்தனர்.

இன்றும் மட்டைக்கும் மட்டைக்கும் உள்ள தூரம் பெரிது. செம்பூரிலிருந்து வரும் எஞ்சினீயர் ஒருவருடைய மட்டையில் பல ஆயிரம் ரூபாய் பெறும் வெளிநாட்டு ரப்பர். தாராவிப் பையனிடம் இருப்பது வழவழப்பேறிப்போன பழைய மட்டை. ஒவ்வொரு கேம் முடிந்ததும் இருவரும் மட்டையை மாற்றிக்கொள்ளவேண்டும் என்று வைத்தோம். போட்டி விதி இதற்கு இடந்தராது. ஒரு மேட்ச் முழுவதும் ஒரே மட்டைதான். மட்டைக்கு உரியவர்கள் முகம் சுளித்தனர். வியர்வைக் கையென்றும், விளிம்பு தேயுமென்றும் முணுமுணுத்தனர்.

உயர்ந்த மட்டை கைக்கு வந்தவுடன் பையன் நன்றாக ஆடுவான் என்றே அனைவரும் எதிர்பார்த்தனர். நடந்தது வேறு. முன்னிலும் மோசமாக ஆடினான். "சார், இந்த மட்டை என் பேச்சைக் கேட்கவில்லை" என்றான். காரணம் உண்டு. பிடிப்புள்ள ரப்பர், எதிரி ஏற்றி அனுப்பும் சுழற்சியையும் பற்றிக்கொள்கிறது. அதற்கேற்ப மட்டையைச் சாய்க்காவிட்டால் பந்து வானம் பார்க்கும். தேய்ந்த ரப்பரில் அந்தத் தொல்லை குறைவு. அதே வேளையில் எஞ்சினீயரின் புகழ்பெற்ற சர்வீஸ், பையனின் மட்டையில் பாதி நஞ்சை இழந்துவிட்டது. சில வாரங்களில் பையன் சாய்க்கக் கற்றுக்கொண்டான். எஞ்சினீயர் கால்களை நகர்த்தக் கற்றுக்கொண்டார். முணுமுணுப்பு மட்டும் இன்னும் ஓயவில்லை.

காத்திருப்போரைக் குறைத்தது வேறொரு முறை. இரட்டையர் ஆட்டத்துக்காக மேஜையின் நடுவே ஒரு வெள்ளைக் கோடு உண்டல்லவா? அதை எல்லையாகக் கொண்டு, மூலைக்கு மூலை குறுக்காக ஒரு ஜோடி, மற்ற மூலைகளுக்கிடையே இன்னொரு ஜோடி என நால்வர் ஒரே நேரத்தில் இரண்டு ஆட்டம் ஆடலாம். பயிற்சியாளர்கள் அறிந்த வழிதான். நாங்கள் அதற்குப் புள்ளி எண்ணினோம். சிற்சில சமயம் பந்தும் பந்தும் நடுவானில் மோதும். அப்புள்ளியை மறுபடி ஆடவேண்டும். அதில் சிறுவர்களுக்கு உண்டாகும் ஆனந்தம் தனி.

இந்தியாவில் 2017-இல் தொடங்கிய அல்டிமேட் டேபிள் டென்னிஸ் லீகிலிருந்தும் ஒன்றை எடுத்துக்கொண்டோம். அதில் மூன்று கேமையும் கட்டாயம் ஆடவேண்டும். வென்ற ஒவ்வொரு கேமும் அணியின் கணக்கில் சேரும். முதலிரண்டில் தோற்றவனுக்கும் மூன்றாவது உண்டு. பையன் சுவருக்குத் திரும்பும் நேரம் இதனால் தள்ளிப்போகிறது. 10–10 ஆனால் அடுத்த புள்ளியே முடிவு என்னும் அதன் மற்றொரு விதியைக் காலம் கருதி ஏற்றோம். இரண்டு புள்ளி முந்தவேண்டும் என்னும் பழைய இழுபறியின் சுவை அதில் இல்லை என்பது எங்கள் எண்ணம்.

இப்போது சோதனையில் இருப்பது பதின்மூன்று அடி விதி. பத்து நிமிடத்தில் கேம் முடியாவிட்டால், சர்வீஸை ஆளுக்கொன்றாக மாற்றி, எதிரி பதின்மூன்று முறை பந்தைத் திருப்பிவிட்டால் புள்ளி அவருக்கே என்பது போட்டிகளில் உள்ள ஏற்பாடு. மொத்தம் பதினெட்டுப் புள்ளி ஆகிவிட்டிருந்தால் அது பொருந்தாது. அதை முதற்பந்திலிருந்தே நாங்கள் கொண்டுவந்திருக்கிறோம். தள்ளித் தள்ளியே வெல்லும் மாட்டுங்காப் பெரியவர்களுக்கு இது கொண்டாட்டம். சர்வீஸ் செய்பவரோ துணிந்து அடித்தே ஆகவேண்டும். ஒவ்வொரு அடியையும் உரக்க எண்ண ஓர் ஆள் தேவை. மழைக்காலத்தில் தகரக் கூரையின் இரைச்சலுக்கு மேலே குரல் எழவேண்டும். அந்த வேலையைச் சுவரோரம் காத்திருக்கும் பையன்களிடம் கொடுத்திருக்கிறோம்.